பத்தாம் வகுப்பு போதும், ஆனால் டேப்பை முதலில் எடுங்கள்: தமிழ்நாட்டில் காவலர், தீயணைப்பாளர் வேலைக்கான முழு வழிகாட்டி

அறிவிப்பு வந்த அன்று சாயங்காலம் எல்லோரும் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? புத்தகக் கடைக்குப் போய் ஒரு கைடு வாங்குவது. நான் சொல்வது அதற்கு நேர் எதிர். முதலில் ஒரு அளவு டேப், அடுத்து பிறந்த தேதி, அதற்கடுத்து உங்கள் பெயரில் ஏதாவது வழக்கு இருக்கிறதா என்பது, புத்தகம் அதற்கப்புறம்தான். ஆறு மாதம் விழுந்து விழுந்து படித்து எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, கிரவுண்டில் உயரம் அளக்கும் கம்பியின் கீழே அரை சென்டிமீட்டர் குறைந்து திரும்பி வந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆகவே இந்த வழிகாட்டி கடைசியில் இருந்து முன்னோக்கி வரும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "மாநகராட்சியில் போலீஸ் வேலை, ஃபயர் வேலை எப்போது எடுப்பார்கள்?" என்று கேட்பவர்கள் நிறைய. மாநகராட்சி எடுக்காது. சென்னை, கோவை, மதுரை என்று மாநகரக் காவல் இருந்தாலும் அது மாநில அரசின் காவல்துறைதான். தீயணைப்பும் அப்படியே, மாநிலம் முழுக்க ஒரே துறை. வேடிக்கை என்னவென்றால், அரசியலமைப்பின் 12-வது அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளிடம் விடக்கூடிய பணிகளில் ஒன்றாகத்தான் சொல்கிறது, மும்பையில் தீயணைப்புப் படை இன்றும் மாநகராட்சியின் கீழ்தான் இயங்குகிறது. நம் ஊரில் அப்படி இல்லை. இங்கே காவல், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் ஆள் எடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், அதுவும் ஒரே அறிவிப்பு, ஒரே விண்ணப்பம், ஒரே தேர்வு. இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்று பதவிக்கும் சம்பள விகிதமும் ஒன்றுதான்: ரூ.18,200 முதல் ரூ.67,100 வரை.

எத்தனை இடம், எப்போது வரும்

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 அறிவிப்பில் மொத்தம் 10,906 இடங்கள். அடுத்தது 2022-ல், 3,552 இடங்கள். 2023-ல் 3,359. அப்புறம் 2024-ல் ஒன்றும் வரவில்லை, 2025 ஆகஸ்டில்தான் 3,644 இடங்களோடு வந்தது. வருஷா வருஷம் வரும் என்று நம்பி "இந்த முறை சும்மா எழுதிப் பார்க்கிறேன், அடுத்த முறை ஒழுங்காகப் படிக்கிறேன்" என்று இருந்தவர்களில் பலருக்கு இடையில் வயது தாண்டிவிட்டது.

தீயணைப்பு இடங்களைத் தனியாகப் பாருங்கள்: 2020-ல் 458, 2022-ல் வெறும் 120, 2023-ல் 674, 2025-ல் 631. இப்படி ஏறி இறங்குவதால், "எனக்கு ஃபயர் சர்வீஸ் மட்டும்தான்" என்று பிடிவாதமாக இருப்பவர் இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தையும் யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு பதவியிலும் ஆணுக்கு எத்தனை, பெண்ணுக்கு எத்தனை என்றும் அட்டவணையில் பிரித்துப் போட்டிருப்பார்கள். மொத்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல் உங்களுக்கு எத்தனை என்று பாருங்கள். உதாரணமாக 2023-ல் காவலர் பதவியின் இரண்டு பிரிவுகளில், ஆயுதப்படையின் 780 இடங்களும் பெண்களுக்கு, சிறப்புக் காவல் படையின் 1,819 இடங்களும் ஆண்களுக்கு.

வயதும் படிப்பும்

பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். பட்டதாரிகள் கூட்டம் கூட்டமாக எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கேள்வித்தாளுக்கு உங்கள் பட்டம் தெரியாது. ஒரே ஒரு பொறி இருக்கிறது. பத்தாவது தேறாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கு அந்தப் பட்டம் இங்கே செல்லாது.

வயதை அறிவிப்பு வந்த ஆண்டின் ஜூலை 1-ம் தேதியை வைத்துக் கணக்கிடுவார்கள். 18 முடிந்திருக்க வேண்டும். உச்ச வரம்பு பொதுப் பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 28, ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 31. திருநங்கை, திருநம்பியருக்கும் 31. ஆதரவற்ற விதவைக்கு 37, முன்னாள் ராணுவத்தினருக்கு 47. பொதுப் பிரிவில் ஜூன் 30-ம் தேதியே 26 முடிந்துவிட்டால் நீங்கள் வெளியே, ஜூலை 2-ம் தேதி முடிகிறது என்றால் உள்ளே. இந்த ஒருநாள் கணக்கில் மன்றாடிப் பலன் இல்லை. கணக்கில் எடுப்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதியை, அம்மா சொல்லும் தேதியை அல்ல.

திருநங்கையர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். பிரித்திகா யாஷினி என்பவர் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது அந்தப் படிவத்தில் ஆண், பெண் என இரண்டே கட்டம்தான் இருந்தது. உயர் நீதிமன்றம் வரை போனார், 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, 2017-ல் பணியில் சேர்ந்தார். இன்று அறிவிப்பில் அந்த வரி இருக்கிறது என்றால் ஒருவர் விடாமல் படியேறியதால்தான்.

உயரமும் மார்பளவும்

ஆண்களுக்கு 170 செ.மீ., ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் என்றால் 167 செ.மீ. பெண்களுக்கு 159, அதே பிரிவினருக்கு 157. ஆண்களுக்கு மார்பளவு சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். அதாவது 86.

வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு அளப்பதை நம்பாதீர்கள். தலைமுடி, செருப்பு, நிமிர்ந்து நிற்கும் விதம் எல்லாம் சேர்ந்து ஒரு சென்டிமீட்டர் பொய் சொல்லும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உயரம் பார்க்கும் கம்பி இருக்கும், வெறுங்காலுடன் நின்று பாருங்கள். காலையில் ஒருமுறை, நாள் முழுக்க அலைந்துவிட்டுச் சாயங்காலம் ஒருமுறை. முதுகெலும்புத் தட்டுகள் பகலில் அமுங்குவதால் சாயங்காலம் கொஞ்சம் குறைவாகவே காட்டும். சாயங்கால அளவே 170-ஐத் தொட்டால் நிம்மதி. காலையில் மட்டும் 170 வருகிறது என்றால், அளவெடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு பஸ்ஸில் உட்கார்ந்தே பயணம் செய்யாமல், முன்கூட்டியே போய் நன்றாகப் படுத்துத் தூங்கி எழுந்து போங்கள். 18, 19 வயதைத் தாண்டியவருக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது என்றால், உயரம் கூட்டும் பொடி, மாத்திரை என்று பணத்தை விடாதீர்கள், அது நடக்காது.

மார்பளவு அப்படி இல்லை, பயிற்சியில் வரும். தண்டால், நீச்சல், மூச்சை முழுக்க இழுத்து நிறுத்தும் பழக்கம். பலருக்கு 81 இருக்கும், விரிவுதான் 3 அல்லது 4-ல் நிற்கும். மூச்சை வயிற்றுக்குள் இழுப்பதுதான் காரணம். விலா எலும்பு பக்கவாட்டில் விரியும்படி இழுக்கப் பழகினால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

கிரவுண்ட்

நூறு மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு 70, உடல்திறன் போட்டிகள் 24, சிறப்பு மதிப்பெண் 6. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு ஒரு இடத்துக்கு ஐந்து பேர் என்ற கணக்கில்தான் கிரவுண்டுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே வந்து நிற்கும் அத்தனை பேரும் எழுத்துத் தேர்வில் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்ணில்தான் இருப்பார்கள், ஒன்று இரண்டு முன்னே பின்னே. இந்த 24-தான் அவர்களைப் பிரிக்கிறது.

முதலில் தாங்குதிறன் ஓட்டம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் முடிக்க வேண்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது, தேறினால் அடுத்த கட்டம், இல்லையென்றால் வீடு. 1,500 மீட்டர் என்பது 400 மீட்டர் டிராக்கில் மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி வரை எடுத்துக்கொண்டாலும் 7 நிமிடத்துக்குள் வந்துவிடலாம். நிறைய பேர் விழுவது எங்கே என்றால் முதல் சுற்றில்தான். கூட்டத்தோடு சேர்ந்து பாய்ந்து 80 விநாடியில் ஓடிவிட்டு, மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பயிற்சியிலேயே முதல் சுற்றை வேண்டுமென்றே மெதுவாக ஓடிப் பழகுங்கள். கையில் ஸ்டாப் வாட்ச் இல்லாத ஓட்டப் பயிற்சியைப் பயிற்சி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் மதிப்பெண் உள்ள மூன்று போட்டிகள். ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் கட்டாயம்: 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் டூ ஸ்டார் (ஸ்டாரை வைத்துத்தான் மதிப்பெண், டூ ஸ்டாருக்குக் கூடுதல்). அடுத்தது நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல், இரண்டில் ஒன்று. நீளத்தில் 3.80 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 4.50-க்கு டூ ஸ்டார், உயரத்தில் 1.20-க்கு ஒன்று, 1.40-க்கு இரண்டு. மூன்றாவது 100 மீட்டர் அல்லது 400 மீட்டர் ஓட்டம். நூறு மீட்டரை 15 விநாடியில் ஓடினால் ஒரு ஸ்டார், 13.50-ல் டூ ஸ்டார், நானூறை 80 விநாடியில் ஓடினால் ஒன்று, 70-ல் இரண்டு.

பெண்களுக்கு (முதல் அளவு ஒரு ஸ்டாருக்கு, அடுத்தது டூ ஸ்டாருக்கு) நீளம் தாண்டுதல் 3 மீட்டர், 3.75 மீட்டர். அடுத்து 4 கிலோ குண்டு எறிதல் 4.25 மீட்டர், 5.50 மீட்டர், அது வேண்டாம் என்றால் கிரிக்கெட் பந்து எறிதல் 17 மீட்டர், 24 மீட்டர். ஓட்டத்தில் 100 மீட்டர் 17.50 விநாடி, 15.50 விநாடி, அல்லது 200 மீட்டர் 38 விநாடி, 33 விநாடி.

என் அபிப்பிராயம்: கயிற்றை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். ஓட்டமும் தாண்டுதலும் பள்ளிக்கூடத்தில் எப்போதாவது செய்திருப்பீர்கள், கயிறு அப்படி இல்லை. உள்ளங்கைத் தோல் உரியும், ஆறும், மறுபடி உரியும். அந்தத் தோல் காய்த்துப்போகவே ஆறு வாரம் வேண்டும். புல்-அப்ஸ் தொடர்ந்து எட்டு பத்து எடுக்க முடியாதவருக்கு 6 மீட்டர் வராது. இறங்கும்போது சரசரவென்று வழுக்கி இறங்காதீர்கள், அதில்தான் கை கிழியும், மறுநாள் பயிற்சி போகும். ஓட்டத்தில், பிறவி வேகம் இல்லாதவர்களுக்கு 400 மீட்டர்தான் நல்ல தேர்வு என்று எனக்குப் படுகிறது. நூறில் 13.50 என்பது கிளம்பும் அந்த முதல் மூன்று அடியில் தீர்மானமாகிவிடும், நானூறில் 70 விநாடியை உழைப்பால் பிடிக்கலாம். பெண்களில் தோள்பட்டை பலம் குறைந்தவர்கள் குண்டைவிடப் பந்தை எடுப்பது பரவாயில்லை, ஆனால் 24 மீட்டர் என்பது சும்மா வீசினால் வராது, கை சுழற்றும் விதத்தை யாரிடமாவது காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வு

தேர்வில் இரண்டு பகுதி. முதல் பகுதி தமிழ் மொழித் தகுதித் தேர்வு, 80 கேள்வி, 80 நிமிடம். இதில் 40 சதவீதம், அதாவது 32 மதிப்பெண் எடுக்க வேண்டும். இந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது, ஆனால் 32 வராவிட்டால் உங்கள் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இலக்கணம், இலக்கியம், தமிழறிஞர்களும் தமிழ்த் தொண்டும் என்று மூன்றாகப் பிரித்துப் படியுங்கள், ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் புத்தகங்கள் போதும். "தமிழ்தானே" என்று விட்டுவிட்டு இதில் மாட்டியவர்கள் ஆங்கில வழியில் படித்தவர்கள் மட்டும் இல்லை.

இரண்டாம் பகுதிதான் உண்மையான போட்டி. 70 கேள்வி, 80 நிமிடம்: பொது அறிவு 45, உளவியல் 25. குறைந்தது 25 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, ஆனால் 25-ஐ வைத்துக்கொண்டு கிரவுண்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். உளவியல் என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறார்கள், அதில் பெரும்பாலானது தருக்கக் கேள்வியும் கணக்கும்தான். எண் தொடர், திசை, உறவுமுறை, சதவீதம், நேரமும் வேலையும். இது புத்தகம் வாசித்து வராது, தினமும் அரை மணி நேரம் பேனா பிடித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். பொது அறிவில் வரலாறு, அறிவியல் எல்லாம் கடல். உளவியல் 25 அப்படி இல்லை, பயிற்சி செய்தவருக்கு 22, 23 வரை நிச்சயம் வரும். எனவே நேரம் குறைவாக இருப்பவர் அங்கே தொடங்கட்டும்.

சான்றிதழ்கள்

இதை எழுத எனக்கே அலுப்பாக இருக்கிறது, ஆனால் இதில்தான் முட்டாள்தனமாக வாய்ப்பு போகிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடம் தனியாக உண்டு. 2020-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். அதில் ஒன்று மூடப்பட்ட பள்ளியாக இருந்தால் அலைச்சல்தான், ஆகவே அறிவிப்புக்குக் காத்திருக்காமல் இப்போதே கிளம்புங்கள். விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீதம், சீருடைத் துறையினரின் வாரிசுகளுக்கு 10, முன்னாள் ராணுவத்தினருக்கு 5, ஆதரவற்ற விதவைகளுக்கு 3. தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டுச் சான்றுகளுக்குத்தான் அந்த 6 சிறப்பு மதிப்பெண். கல்லூரியில் படிப்பவர் இன்றே இதில் சேர்ந்துவிடலாம், ஒரு மதிப்பெண்ணில் ஆயிரம் பேர் நிற்கும் இடம் இது.

சாதிச் சான்றிதழ் திருமணமான பெண்களுக்குத் தந்தை பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் இருந்தால் ஏற்க மாட்டார்கள். எந்தச் சான்றாக இருந்தாலும் விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், "விண்ணப்பித்திருக்கிறேன், வந்துவிடும்" என்பது அங்கே பதில் இல்லை. பெயரில், முன்னெழுத்தில் ஆதாரும் பத்தாம் வகுப்புச் சான்றும் ஒத்துப்போகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

விண்ணப்பம் வாரியத்தின் இணையதளத்தில் மட்டும்தான், தேர்வுக் கட்டணம் 250 ரூபாய். இதைத் தவிர வேறு யார் என்ன சொல்லிப் பணம் கேட்டாலும் அது திருட்டு. கடைசி மூன்று நாளில் தளம் திணறும், முதல் வாரத்தில் முடித்துவிடுங்கள். பிரவுசிங் சென்டரில் போடுகிறீர்கள் என்றால் பிறந்த தேதி, பிரிவு, தமிழ்வழி ஆகிய மூன்றையும் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே சரிபாருங்கள்.

வழக்கு இருந்தால்

இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. தேர்வானதும் உங்கள் ஊர்க் காவல் நிலையம் வழியாக நடத்தை விசாரணை வரும். கோயில் திருவிழா அடிதடி, வரப்புத் தகராறு, சாலை மறியல் என்று ஏதாவது ஒரு முதல் தகவல் அறிக்கையில் உங்கள் பெயர் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். விதி ரொம்பக் கடுமை: சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தாலும், புகார் கொடுத்தவர் பிறழ் சாட்சியானதால், அதாவது நீதிமன்றத்தில் பேச்சை மாற்றியதால் விடுதலையானாலும், நீங்கள் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் இந்த விதியை ஏற்றுக்கொண்டது. விசாரணை நடக்கும் நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு கௌரவமான விடுதலை கிடைத்தால் தடை நீங்கும், ஆனால் அந்தத் தேர்வில் இடம் கிடைக்காது, அடுத்த தேர்வில் முதலில் இருந்து வர வேண்டும்.

ஆகவே இரண்டு விஷயம். ஒன்று, "ராஜி ஆகிவிட்டது, சாட்சி சொல்ல வரமாட்டார்கள், விடுதலைதான்" என்று வக்கீலோ ஊர்ப் பெரியவரோ ஆறுதல் சொன்னால், சீருடை வேலைக்கு அது எப்படிப்பட்ட விடுதலை என்று கேளுங்கள். பொய்ப் புகார் என்றால் விசாரணைக் கட்டத்திலேயே தவறான தகவல் என்று முடிக்கவைப்பது அல்லது தகுதியின் அடிப்படையில் முழு விடுதலை வாங்குவதுதான் உங்களுக்கு உதவும். இரண்டு, மறைக்கவே மறைக்காதீர்கள். படிவத்தில் வழக்கு உண்டா என்று கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். வேலைக்கான படிவத்தில் வழக்கை மறைப்பது பற்றிய அவ்தார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை விஷயம் என்றால் அதை மறைத்ததைக்கூட வேலை கொடுப்பவர் தன் விருப்பத்தில் மன்னிக்கலாம் என்றும் சொன்னது. மன்னிக்கலாம் என்பதுதான், மன்னித்தாக வேண்டும் என்பது இல்லை. 18 வயதுக்குள் சிறார் நீதி வாரியம் விசாரித்து முடித்த விஷயமாக இருந்தால், 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு அதனால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றத்தில் பெரியவராக விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இது பொருந்தாது.

மருத்துவப் பரிசோதனை

நிறக்குருடு, மாறுகண், முட்டி தட்டுதல், தட்டைப் பாதம், காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பது, இவையெல்லாம் மருத்துவர் பார்ப்பார். நிறக்குருடு பலருக்கு இருப்பதே தெரியாது, ஒரு கண் மருத்துவரிடம் புள்ளிப் படங்களைக் காட்டச் சொல்லி ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். படிக்கத் தொடங்கும் முன்பே, டேப் எடுத்த அதே வாரத்தில் இதையும் முடித்துவிடுங்கள்.

தேர்வான பிறகு

காவலராகத் தேர்வானதும் நேராகக் காவல் நிலையத்தில் உட்காரலாம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி இல்லை. பயிற்சிப் பள்ளி முடித்து முதலில் ஆயுதப்படையிலோ சிறப்புக் காவல் படையிலோதான் இருப்பீர்கள். பந்தோபஸ்து, கைதி வழிக்காவல், ஊர் ஊராகப் பட்டாலியன் முகாம். சட்டம் ஒழுங்கு காவல் நிலையத்துக்கு வர வருடங்கள் ஆகும், சிறப்புக் காவல் படையில் இருந்து வருபவருக்கு இன்னும் கூடுதல். தீயணைப்பில் அந்தக் காத்திருப்பு கிடையாது, பயிற்சி முடிந்ததும் ஒரு நிலையத்தில் வண்டியோடு நிற்பீர்கள். தீ மட்டும் என்று நினைக்காதீர்கள், கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் வந்த பாம்பு, வெள்ளத்தில் மாட்டியவர் எல்லாம் உங்களுக்குத்தான் போன் வரும். வீட்டைவிட்டு மாதக்கணக்கில் முகாமில் இருக்க முடியாதவர், கூட்டத்தை அடக்கும் வேலை ஒத்துவராதவர் விருப்ப வரிசையில் தீயணைப்பை மேலே போடுவதில் எந்தக் கேவலமும் இல்லை.

பட்டம் வைத்திருப்பவர்கள் இதை எழுதிக்கொண்டே உதவி ஆய்வாளர், தீயணைப்பு நிலைய அலுவலர் தேர்வையும் பார்க்கலாம், அதையும் இதே வாரியம்தான் நடத்துகிறது. சம்பளம் ரூ.36,900-ல் தொடங்குகிறது. 2023-ல் 621 உதவி ஆய்வாளர், 129 நிலைய அலுவலர் இடங்கள் வந்தன. காவலராகச் சேர்ந்துவிட்டாலும் கதவு மூடாது, உதவி ஆய்வாளர் இடங்களில் 20 சதவீதம் துறைக்குள் இருப்பவர்களுக்கே ஒதுக்கப்படுகிறது. அதனால் பயிற்சிப் பள்ளிக்குப் பெட்டி கட்டும்போது அந்த உளவியல் கணக்குப் புத்தகத்தையும் தூக்கி உள்ளே போட்டுக்கொள்ளுங்கள்.